பஞ்சுப் பனி வேண்டாம், பருத்திப் பால் போதும்: மதுரை வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் டிசம்பர் விடியற்காலை என்றால் 20, 21 டிகிரி. அதற்கே நாம் மப்ளரைத் தேடுவோம். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மப்ளர் கொடிக்குப் போய்விடும், மதியம் ஃபேன் ஓடும். இந்த ஊரில் பிளாஸ்டிக் மரத்தின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு அதைப் பனி என்று சொல்ல எனக்குச் சின்ன வயதிலேயே கூச்சமாக இருக்கும். பருத்தியை வைத்துச் செய்ய இதைவிட நல்ல காரியம் மதுரைக்குத் தெரியும். சாயங்காலம் தெருமுனை வண்டியில் ஆவி பறக்க விற்கிறார்களே, அந்தப் பருத்திப் பால்.

நான் ஞானஒளிவுபுரத்தில் வளர்ந்தவள். தெருவில் ஒரு வீட்டு வாசலில் மூங்கில் நட்சத்திரம் தொங்கும், அடுத்த வீட்டு வாசலில் மார்கழிக் கோலத்தின் நடுவே பூசணிப்பூ இருக்கும். இரண்டும் ஒரே குளிரில் நடப்பவை. நம் கிறிஸ்துமஸும் மார்கழியின் கைப்பொருட்களை வைத்தே நடக்கட்டும் என்பதுதான் என் கட்சி. கடையில் வாங்கினால் ஒரு மணி நேர வேலை. கையால் செய்தால் மூன்று வாரம் இழுக்கும், ஆனால் அந்த மூன்று வாரமும் பண்டிகைதான்.

முதல் தடவை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். இதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கேக் இந்த வழிகாட்டியில் கிடையாது. பேக்கரிக்காரர் என்னைவிட நன்றாகச் செய்கிறார், அவருக்கும் இந்த மாதம்தான் வியாபாரம்.

டிசம்பர் முதல் வாரம்: மூங்கில் நட்சத்திரம்

வேண்டியவை: மூன்றடி நீள மூங்கில் பிளாச்சு 10, அரையடித் துண்டுகள் 5, கட்டுநூல், கலர் காகிதம், மைதா, 5 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு, ஹோல்டருடன் ஒயர். மூங்கிலைச் சுண்டுவிரலில் பாதி அகலத்துக்குச் சீவி வாங்குங்கள். ரொம்ப ஒல்லியாக இருந்தால் வளைந்து நட்சத்திரம் கோணிக்கொள்ளும். கணுக்களையும் சிலாம்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் காகிதமும் கிழியும், விரலும் கிழியும்.

1. ஐந்து குச்சிகளைத் தரையில் பரப்பி, பென்சிலை எடுக்காமல் ஐந்துமுனை நட்சத்திரம் வரைவோமே, அதே மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அமையுங்கள். முனைகள் ஐந்தையும் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் இப்போதைக்குத் தளர்வான முடிச்சு போதும்.

2. இதே போல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முனை முனையோடு பொருந்தவில்லை என்றால் இப்போதே திருத்திவிடுங்கள், பிறகு முடியாது.

3. முனைகளைச் சேர்த்துக் கட்டியபின், உள்ளே குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அரையடித் துண்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்திக் கட்டுங்கள். சப்பையாகக் கிடந்தது வயிறு உப்பி எழும். எங்கள் வீட்டில் இந்த நேரத்துக்காகவே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

4. பசைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டாம்.

5. இனி காகிதம். முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடுவில் ஓர் ஐங்கோணம். பின்பக்கமும் அப்படியே. பக்கவாட்டில் பத்து ஒல்லி முக்கோணங்கள். மூன்றடிக் குச்சி என்றால் முன்பக்க முக்கோணத்தின் அடி எட்டரை அங்குலமும் உயரம் 13 அங்குலமும் வரும். மூங்கில் எப்படியும் கொஞ்சம் வளைந்திருக்கும் என்பதால் சட்டத்தின்மேல் வைத்து அளந்து, மடித்து ஒட்ட அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பின்பக்க ஐங்கோணத்தை ஒட்டாதீர்கள், பல்பு போக வழி வேண்டும். அந்தத் திறப்பு வழியாக வெக்கையும் வெளியேறும்.

ஒரு வருடம் வீட்டில் கிடந்த 60 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டுவிட்டேன். எட்டு மணிக்குள் சிவப்புக் காகிதம் பழுத்து, கருகி, பெரிய ஓட்டையோடு நின்றது. அதனால்தான் எல்.இ.டி. என்று அழுத்திச் சொல்கிறேன். ஒயரில் ஒட்டு இருந்தால் நட்சத்திரத்துக்கு வெளியே, நனையாத இடத்தில் வரும்படி பாருங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் வந்து எட்டிப்பார்க்கும், அதனால் மொட்டைமாடிக் கம்பத்தைவிட சன்ஷேடுக்குக் கீழே மாட்டுவது நல்லது.

14, 15 தேதிகளில்: குடிலுக்கு விதைப்பு

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்குப் பச்சைத் தாளை வெட்டிப் புல் செய்யாதீர்கள். புல்லை வளர்த்துக்கொள்ளலாம். எனக்கு இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. அவர் வருஷா வருஷம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுப்பவர். நான் தட்டில் கேழ்வரகை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது முளைக்காதுடி, நாறும்" என்றார். நாறியது.

அவர் சொன்ன பக்குவம் இதுதான். கம்பு, கேழ்வரகு, கோதுமை எதுவானாலும் ஒரு ராத்திரி ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைக்க வேண்டும். கம்பும் கோதுமையும் சீக்கிரம் வெள்ளைமுளை காட்டும், கேழ்வரகு கொஞ்சம் தாமதிக்கும். அடியில் ஓட்டை போட்ட தட்டில் ஓர் அங்குலத்துக்கு மண்ணும் காய்ந்த எருவும் கலந்து பரப்பி, முளைவிட்டதை நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண். இரண்டு நாள் ஈரத்துணியால் மூடி வையுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும், காலையும் மாலையும்.

முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பார்கள், அதனால் பயிர் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று எழும். நமக்குப் பசேலென்று வேண்டும். அதனால் மூன்றாம் நாள் துணியை எடுத்துவிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். 24-ஆம் தேதிக்குக் கோதுமை நான்கு விரல் உயரம் வந்திருக்கும். கேழ்வரகு குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் குடிலின் ஆடுகளுக்கு அதுதான் அளவு.

பொம்மைக்கு விளாச்சேரி. திருப்பரங்குன்றம் பக்கத்து ஊர். மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் பல அங்கே உண்டு. நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் கிறிஸ்துமஸுக்கு மரியாளையும் சூசையப்பரையும் மாட்டையும் ஆட்டையும் செய்கின்றன. நேரில் போய் எடுத்துப் பார்த்து வாங்கினால் ஒரு சந்தோஷம் இருக்கிறது. கழுத்து, கை, ஆட்டின் காது ஆகிய இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பொம்மைகளும் ஒரே அளவுத் தொகுப்பா என்பதையும் பாருங்கள். தனித்தனியாக வாங்கி வந்தால் ஆடு ஒட்டகத்தைவிடப் பெரிதாக நிற்கும், எங்கள் வீட்டில் நிற்கிறது.

குடில் கட்டப் பெரிய கலையெல்லாம் வேண்டாம். பழக்கடையில் அட்டைப்பெட்டி ஒன்று. காக்கித் தாளைக் கசக்கி, பிரித்து, மறுபடி கசக்கினால் பாறை. கூரைக்கு வைக்கோல். பெட்டியைச் சுற்றி முளைத்த தட்டுகளை வைத்து, தட்டின் விளிம்பை மணலால் மறைத்தால் முடிந்தது. மெழுகுவர்த்தியை மட்டும் வைக்கோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

குழந்தை இயேசுவை 24 நள்ளிரவு வரை வைக்க மாட்டோம், தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். மூன்று ராசாக்களையும் குடிலுக்குள் நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் தூரத்திலிருந்து வருகிறவர்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் புறப்படுவார்கள். தினமும் ஒரு பிள்ளை கொஞ்சம் நகர்த்த வேண்டும். டி.வி. அலமாரி, ஜன்னல் திண்டு என்று வந்து ஜனவரி 6 மூன்று ராசாக்கள் திருநாள் அன்றுதான் குடிலை அடைவார்கள். பண்டிகை 25 மதியத்தோடு பொசுக்கென்று முடிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியாது.

மரம் வேண்டும் என்றால் ஒரு சவுக்குக் கிளை, வாளியில் ஈர மணல். நாலைந்து நாளில் வாடிவிடும், அதனால் 22-க்கு முன் வெட்டாதீர்கள். பூவுக்கு மல்லிகையை நம்ப வேண்டாம். பனிக்காலத்தில் விளைச்சல் சுருங்கி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். இந்த மாதத்துக்கென்றே பூக்கும் டிசம்பர் பூ இருக்கிறதே! வாசம் கிடையாது. அதனால் ஊதாப் பூவுக்கு நடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டுங்கள், குறை தெரியாது.

18-லிருந்து 21-க்குள்: அச்சு முறுக்கு

முறுக்கு, அதிரசம், சோமாஸ் எல்லாம் தீபாவளிக்கும் உண்டு. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸின் வாசனை என்றால் அச்சு முறுக்குதான். இதைச் சுடுவதற்கு மழையில்லாத நாளாகப் பாருங்கள். ஈரக்காற்று அடித்தால் எடுத்து வைத்த அரைமணியில் நமத்துவிடும்.

புது அச்சு வாங்கியிருந்தால் நேராக எண்ணெயில் போடாதீர்கள். அரிசி வடித்த கஞ்சியில் ஒரு கொதி விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிடுங்கள். அதற்குப் பிறகும் முதல் மூன்று முறுக்கு காக்காய்க்குத்தான்.

அளவு: பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடித்த சீனி முக்கால் கப், முட்டை 1, கெட்டித் தேங்காய்ப்பால் சுமார் 2 கப், கருப்பு எள் 1 தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. முட்டையையும் சீனியையும் முதலில் அடித்துக்கொண்டு, மாவு சேர்த்து, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரையுங்கள். தோசை மாவைவிட ஒரு பிடி இளக்கம். கரண்டியின் முதுகை மூடி நிற்க வேண்டும், வழிந்தோடக் கூடாது. அரைமணி அப்படியே வையுங்கள்.

இருப்புச்சட்டியில் அச்சு முழுதும் முங்கும் அளவுக்கு எண்ணெய். எண்ணெய் காயும்போதே அச்சும் உள்ளே கிடந்து காய வேண்டும். எடுத்து, சொட்டும் எண்ணெயை உதறிவிட்டு, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்குங்கள். மேல்விளிம்பு தாண்டி மாவு ஏறினால் முறுக்கு அச்சைப் பூட்டிக்கொள்ளும், கழலவே கழலாது. முக்கும்போது "சுர்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் அச்சு காயவில்லை. எண்ணெயில் இறக்கி அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டு, லேசாக ஆட்டினால் தானே கழன்று பூவாக மிதக்கும். அடம்பிடித்தால் ஒரு கம்பியால் விளிம்பைத் தட்டுங்கள். திருப்பிவிட்டு, நுரை அடங்கி வெளிர்ப்பொன் நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். சட்டியிலேயே மொறுமொறுப்பு வரட்டும் என்று காத்திருந்தால் கருகும், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும்.

தப்பு எங்கே நடக்கும்? மாவு அச்சில் ஒட்டாமல் பாத்திரத்திலேயே விழுந்தால் அச்சு மிதமிஞ்சிக் காய்ந்திருக்கிறது, சில விநாடி வெளியே பிடித்து ஆறவிடுங்கள். முறுக்கு சீக்கிரம் சிவந்து, நடுவில் தளர்ந்தால் சீனி கூடிவிட்டது, இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முறுக்கு உடைந்துகொண்டே வந்தால் மாவு அடியில் தங்கி மேலே தண்ணியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் முக்கும்முன் கலக்க வேண்டும் என்பதை எல்லோரும் மறப்போம்.

நன்றாக ஆறியபின் சம்படத்தில் அடுக்குங்கள். சூடாக மூடினால் வியர்த்துவிடும். பத்து, பன்னிரண்டு நாள் தாங்கும் என்பது ஏட்டுக்கணக்கு. பிள்ளைகள் உள்ள வீட்டில் சம்படத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீடுகளின் டப்பாக்கள் எல்லாம் நம்மிடம்தான் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து, நிரப்பிக் கொடுக்க இது நேரம்.

கேரல்ஸ் வரும் ராத்திரிகளுக்கு: சுக்குமல்லி காபி

மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 1 தேக்கரண்டி, ஏலக்காய் 10. மல்லியை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுங்கள். சுக்கை உரலில் இடித்துவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும், இல்லையென்றால் பிளேடு போகும்.

கேரல்ஸ் குழு இருபது பேர் என்றால் 3 லிட்டர் தண்ணீர், 15 தேக்கரண்டி பொடி, 300 கிராம் கருப்பட்டி. ஐந்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டி விடுங்கள். பால் வேண்டாம். கருப்பட்டியோடு கொதித்தால் திரியவும் திரியலாம், காரமும் மழுங்கும். பாடிப் பாடித் தொண்டை கட்டிய பிள்ளைகளுக்கு அந்தக் காரம்தான் வேண்டும்.

24 காலையில் தொடங்கி: பருத்திப் பால்

முதலில் பருத்திக்கொட்டை. விதைப்புக்கு விற்பதை ஒருபோதும் வாங்காதீர்கள், அதில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் பால் எடுக்க என்று சொல்லிக் கேளுங்கள். பருத்தி விதையில் காசிப்பால் என்றொரு நச்சுப்பொருள் இயற்கையாகவே உண்டு. ஆகவே பச்சைப்பாலை ருசி பார்ப்பது, அவசரத்துக்கு ஒரு கொதியோடு இறக்குவது எல்லாம் கூடாது. நன்றாகக் கொதித்ததை ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தால் போதும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, அவர்களுக்குச் சுக்குமல்லி.

அளவு நான்கைந்து பேருக்கு: பருத்திக்கொட்டை 100 கிராம், பச்சரிசி 2 மேசைக்கரண்டி, கருப்பட்டி 150 கிராம், சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, திப்பிலி 2, ஏலக்காய் 4, தேங்காய் அரை மூடி.

24 காலை எழுந்ததும் கொட்டையை நாலைந்து தண்ணீரில் அலசி ஊறப் போடுங்கள். எட்டு மணி நேரம் ஊற வேண்டும். அரிசியைத் தனியாக ஊறவையுங்கள். சாயங்காலம் கொட்டையை இன்னொரு தடவை கழுவி, தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழியுங்கள். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மூன்றாம் பால். மொத்தம் நான்கு டம்ளர் வரும். பஞ்சின் பிசிறு தொண்டையில் சிக்கும், ஆகவே துணியை மடித்து இன்னொரு முறை வடிகட்டுங்கள்.

கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டி வையுங்கள், மண் இல்லாத கருப்பட்டி கிடையாது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

அடிகனமான பாத்திரத்தில் பாலை ஏற்றி, நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் பச்சைவாடை அடிக்கும். இருபது நிமிடத்தில் அது போய் வறுத்த பருப்பு போல ஒரு வாசம் வரும். சாயங்கால வேலையை இங்கே நிறுத்தி, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மிச்சம் பூசை முடிந்து வந்த பிறகு.

நாங்கள் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்கு நடுச்சாமப் பூசைக்குப் போன வருடங்களில் வீடு திரும்ப மணி ஒன்றரை ஆகும். பெரியவர் ஒருத்தர் குழந்தையைத் தொட்டியில் வைப்பார். அதே நேரம் அடுப்பில் பால் மறுபடி கொதிக்கும். கொதி வந்ததும் ஊறிய அரிசியை மை போல் அரைத்து, கரைத்து ஊற்றுங்கள். ஒரு கை ஊற்ற, இன்னொரு கை கிண்ட வேண்டும். விட்டால் கட்டி தட்டும். ஐந்து நிமிடத்தில் கூழ் போல் இறுகி, கரண்டியிலிருந்து பட்டையாக விழும். அப்போது கருப்பட்டிப் பாகு. நிறம் மாறி ஒரு கொதி வந்ததும் சுக்கு, திப்பிலி, ஏலக்காயைப் பொடித்துப் போட்டு இறக்கி, தேங்காய்த் துருவலைத் தாராளமாகத் தூவுங்கள். ஆற ஆற இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

பட்டுச்சேலையை மாற்றாமலே, வாசல்படியில் நட்சத்திர வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிப்போம். நாலரைக்கெல்லாம் எதிர்வீட்டு அக்கா கோலம் போட வந்துவிடுவார், அவருக்கென்று ஒரு டம்ளர் எடுத்து மூடி வைப்பது வழக்கம்.

பிறகு

முளைத்த தட்டுகள் புத்தாண்டுக்குள் தலைசாய்ந்துவிடும், யார் வீட்டிலாவது ஆடு இருந்தால் கொடுங்கள். குடில் வைக்கோலைப் பிரித்து வைத்தால் மாட்டுப் பொங்கலுக்கு உதவும். விளாச்சேரிப் பொம்மைகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் போகும். பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். நட்சத்திரத்தின் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மூங்கில் சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றுங்கள். முட்டுக்கட்டைகளை உருவிவிட்டால் சப்பையாகி, இடம் அடைக்காது. அந்த ஐந்து துண்டுகளையும் நூலால் கட்டி அந்தச் சட்டத்திலேயே தொங்கவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த டிசம்பரில் நாலுதான் கிடைக்கும்.